இரவல் பெயரும் இரத்த உறவும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை அடுத்த ஏரிக்கரை ஊர் ஈஸ்ட்லேக். 2002 ஜூலை இறுதியில் அங்கே ஒரு குடியிருப்பில் தனியாக வசித்த முதியவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்துகிடப்பது தெரியவந்தது. இறந்து சில நாட்கள் ஆகிவிட்டதால் உடல் அழுகியிருந்தது. அடையாளச் சிக்கல் எதுவும் அப்போது எழவில்லை. அவர் பெயர் ஜோசப் நியூட்டன் சாண்ட்லர் என்று வேலை பார்த்த இடத்துக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும், வங்கிக்கும் தெரியும். வங்கிக் கணக்கில் சுமார் 82,000 டாலர் இருந்தது. உடலை எரித்துவிட்டு, பணத்துக்கு வாரிசு யார் என்று தேடத் தொடங்கியபோதுதான் விவகாரம் வெளிப்பட்டது. அந்தப் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் உரிய ஜோசப் நியூட்டன் சாண்ட்லர், 1945 டிசம்பரில் டெக்சாஸில் நடந்த ஒரு கார் விபத்தில் பெற்றோருடன் இறந்துபோன, பத்து வயதுகூட நிரம்பாத சிறுவன். ஈஸ்ட்லேக்கில் இறந்தவர் 1978-ல் தெற்கு டகோட்டாவின் ராப்பிட் சிட்டியில் அந்தச் சிறுவனின் பெயரில் சமூகப் பாதுகாப்பு அட்டைக்கு விண்ணப்பித்து வாங்கி, 24 ஆண்டுகள் அந்தப் பெயரில் உழைத்து, வரி கட்டி, மருத்துவம் பார்த்துக்கொண்டவர். காவல்துறை விசாரித்தது. விரல்ரேகை கிடைக்கவில்லை, உடல் ஏற்கெனவே சாம்பல். வழக்கு கிடப்பில் விழுந்தது.

குற்றப் புனைகதைகள் இத்தகைய கதையை மறைந்தவனுக்கும் துப்பறிபவருக்கும் நடக்கும் மூளைப் போட்டியாகவே சொல்லும். நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் சூழ்ச்சியின் பங்கு அதில் சிறியது. அடையாளம் என்பதை நம் நிர்வாகங்கள் எதில் வைத்திருக்கின்றன என்பதே பெரிய கேள்வி. ஒருவர் யார் என்று உறுதிசெய்யும் முறைகள் ஏறக்குறைய எல்லாமே அவரை அவருடைய பழைய பதிவோடு ஒப்பிடுகின்றன. கையெழுத்தைப் பழைய கையெழுத்தோடு, முகத்தைப் பழைய படத்தோடு, ரேகையைப் பழைய ரேகையோடு. இந்த ஒப்பீடு எவ்வளவு துல்லியமானாலும் அதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் பதிவே பொய்யென்றால், பின்னால் வரும் ஒவ்வொரு சரிபார்ப்பும் அந்தப் பொய்யையே உறுதிசெய்யும். இந்த ஓட்டையை அடைக்க அறிவியலுக்குக் கிடைத்த வழி, ஆளை அவர் பதிவோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அவர் ஒருபோதும் கையாள முடியாத இன்னொரு இடத்தில் தேடுவது. அந்த இடம் உறவினர்களின் உடல்.

முதலில் காகித மோசடி எப்படிச் சாத்தியமானது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பிறப்பையும் இறப்பையும் பதிவது மாநிலங்களின், மாவட்டங்களின் வேலை. ஓர் இடத்தில் பிறந்து வேறோர் இடத்தில் இறந்த குழந்தையின் இரு பதிவுகளும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனி அலுவலகங்களில் கிடக்கும். சமூகப் பாதுகாப்பு எண்ணையும் அக்காலத்தில் வேலைக்குப் போகும் வயதில்தான் வாங்குவார்கள். வரிச் சலுகைக்குப் பிள்ளைகளின் எண்ணைக் காட்ட வேண்டும் என்ற விதி 1986-ல்தான் வந்தது. எனவே சிறுவயதில் இறந்தவருக்குப் பிறப்புச் சான்று இருக்கும், எண் இருக்காது. அந்தப் பிறப்புச் சான்றின் நகலை வாங்கியவர், முதல்முறையாக எண் கேட்கும் அப்பாவிக் குடிமகனாக வரிசையில் நிற்கலாம். பிரிட்டனிலும் இதே ஓட்டை இருந்தது. ஃபிரெடரிக் ஃபோர்சைத் 1971-ல் வெளியிட்ட ‘தி டே ஆஃப் த ஜக்கால்’ நாவலின் கொலையாளி இறந்த குழந்தையின் பெயரில் கடவுச்சீட்டு வாங்குவது அதைக்கொண்டுதான். அந்த நாட்டின் ரகசியக் காவல் பிரிவு ஒன்று இயக்கங்களுக்குள் ஆள் அனுப்புவதற்கு இறந்த குழந்தைகளின் பெயர்களைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதும், பெற்றோருக்குத் தெரியாமலே அது நடந்ததும் 2013-ல் வெளிவந்தது. குற்றவாளிக்கும் காவலருக்கும் ஒரே ஓட்டை பயன்பட்டிருக்கிறது; காகிதம் தன்னைக் கொண்டுவந்தவரை எப்போதும் அறியாது.

காகிதத்தின் இந்தப் பலவீனம் தெரிந்தே விரல்ரேகை வந்தது. அதன் தொடக்கமும் ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதில்தான். வங்காளத்தில் ஹூக்ளி மாவட்ட அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், இறந்தவர்களின் ஓய்வூதியத்தை வேறு ஆட்கள் வாங்கிப் போவதைத் தடுக்க 1877-ல் ரேகை பதிக்கச் செய்தார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் அமைந்தது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பு பெரிது; உரிய இடம் அவர்களுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரேகை மிகச் சிறந்த கருவி. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே: அன்று பதித்த கையும் இன்று பதிக்கும் கையும் ஒன்றா? அன்று பதித்தவரின் உண்மைப் பெயர் என்ன என்பது ரேகைக்குத் தெரியாது.

இந்த வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டும் வழக்கு டெர்ரி ராஸ்முசனுடையது. 1986-ல் கலிபோர்னியாவில் கார்டன் ஜென்சன் என்ற பெயரில் இருந்தவன் ஒரு சிறுமியைக் கைவிட்டு மறைந்தான். பிறகு பிடிபட்டு, கர்டிஸ் கிம்பால் என்ற பெயரில் சிறை சென்று, 1990-ல் நிபந்தனை விடுதலையில் வந்து தப்பினான். 2002-ல் உடன் வாழ்ந்த பெண்ணைக் கொன்ற வழக்கில் லாரி வான்னர் என்ற பெயரில் கைதானபோது, ரேகை தன் வேலையைப் பிசகின்றிச் செய்தது: வான்னரும் கிம்பாலும் ஒருவனே. ஆனால் ஒரு பொய்ப் பெயரை இன்னொரு பொய்ப் பெயரோடுதான் அது இணைத்தது. 2010-ல் அவன் சிறையில் இறந்தபோதும் அவன் யார் என்று சிறைக்குத் தெரியாது. விடை வந்த வழி வேறு. கைவிடப்பட்ட சிறுமி வளர்ந்த பிறகு, தான் யார் என்று அறிய விரும்பினாள். வம்சாவளி ஆய்வாளர் பார்பரா ரே வென்டரும் தன்னார்வலர்களும் அவளுடைய டி.என்.ஏ.வைக் கொண்டு தாய்வழி உறவுகளைக் கண்டுபிடித்தார்கள். அவள் தாய் 1981-ல் நியூ ஹாம்ப்ஷயரில் பாப் எவன்ஸ் என்பவனோடு போனபிறகு யார் கண்ணிலும் படவில்லை என்று தெரிந்தது. அதே மாநிலத்தின் பேர் புரூக் காட்டுப் பகுதியில் 1985-லும் 2000-லும் இரும்புப் பீப்பாய்களில் ஒரு பெண்ணின் உடலும் மூன்று சிறுமிகளின் உடல்களும் கிடைத்திருந்தன. அச்சிறுமிகளில் ஒருத்திக்கு, பாப் எவன்ஸ் என்ற பெயரிலும் திரிந்த அதே கைதியே தந்தை என்று டி.என்.ஏ. சொன்னது. 2017-ல் ஒய் குரோமோசோம் வழியாக ராஸ்முசன் என்ற பிறவிப் பெயர் வெளிவந்தது.

டி.என்.ஏ. என்றாலே எல்லாம் துலங்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காவல்துறையின் வழக்கமான டி.என்.ஏ. சோதனை, தத்துவத்தில் ரேகையின் தம்பிதான். மரபணுத் தொகுதியில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்காவின் தேசியக் குற்றத் தரவுத்தளம் முதலில் இப்படி 13 இடங்களையும், 2017 முதல் 20 இடங்களையும் எண்ணி வைக்கிறது. ஏற்கெனவே பதிவானவரைக் கண்டுபிடிக்க இது போதும். பதிவாகாதவரிடம் இது ஊமை. ஈஸ்ட்லேக் வழக்கில் அதுதான் நடந்தது. 2014-ல் வடக்கு ஒஹாயோவின் யு.எஸ். மார்ஷல் பீட்டர் எலியட் இந்த வழக்கைக் கையில் எடுத்தார். எரிந்துபோன உடலிலிருந்து எதைத் தேடுவது? இறந்தவர் 2000-ல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அப்போது எடுத்த திசுவை மருத்துவமனை பாதுகாத்து வைத்திருந்தது. அதிலிருந்து டி.என்.ஏ. விவரம் எடுத்துத் தேசியத் தரவுத்தளத்தில் தேடினார்கள். பொருந்தியவர் எவருமில்லை. ஒப்பிடும் முறைகளின் எல்லை அது.

அடுத்த அடி வேறு திசையில் விழுந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் தலைமுறைக்குத் தலைமுறை மிகக் குறைவாகவே மாறும். தமிழில் பங்காளிகள் என்று நாம் சொல்லும் ஆண்வழி உறவினர் அனைவரும் ஏறக்குறைய ஒரே ஒய் குரோமோசோமைச் சுமக்கிறார்கள். ஐரோப்பிய வழக்கத்தில் குடும்பப் பெயரும் அதே வழியில் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது. எனவே ஒய் குரோமோசோமின் வடிவத்தைப் பொதுவில் உள்ள வம்சாவளித் தரவுகளோடு ஒப்பிட்டால் குடும்பப் பெயரை ஊகிக்க முடியும். வம்சாவளி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக் 2016-ல் அப்படி ஊகித்துச் சொன்ன பெயர் நிக்கலஸ், அல்லது நிக்கல்ஸ். பொய்ப் பெயருக்குப் பின்னாலிருந்த உண்மையின் முதல் எழுத்துகள் அவை. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயருள்ள ஆண்கள் ஏராளம். தத்தெடுப்பு, பெயர் மாற்றம், மறைக்கப்பட்ட தந்தைமை எல்லாம் ஊகத்தைப் பிசகச் செய்யும். பெயரிலிருந்து ஆளுக்குப் போக இன்னும் நுணுக்கமான கருவி வேண்டியிருந்தது.

அந்தக் கருவி, வம்சாவளி ஆர்வலர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக உருவாக்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் பெறுகிறது. அந்தப் பாதி ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டி ஒட்டப்பட்டுக் கலைகிறது. கலைந்தாலும் நீண்ட துண்டுகள் சில அப்படியே பிழைத்து வருகின்றன. இருவரிடம் ஒரே நீண்ட துண்டு இருந்தால், அவர்களுக்குப் பொதுவான மூதாதை ஒருவர் இருந்தார் என்று பொருள். துண்டுகளின் மொத்த நீளத்தை சென்டிமார்கன் என்ற அலகில் கூட்டினால் உறவின் தூரம் தெரியும். உடன்பிறந்தாரின் பிள்ளைகள் தங்களுக்குள் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். கொள்ளுத்தாத்தா பொதுவானால் சுமார் 3 விழுக்காடு. எள்ளுத்தாத்தா பொதுவானால் 1 விழுக்காட்டுக்கும் கீழே. அந்தத் தூரத்தில் பத்தில் ஒருவரிடம் பொதுத் துண்டு எதுவுமே இல்லாமல் போகலாம். காவல்துறையின் 20 இடங்களை வைத்து இந்தத் துண்டுகளைக் காண முடியாது. தனியார் நிறுவனங்கள் எச்சிலிலிருந்து படிக்கும் ஆறேழு லட்சம் ஒற்றை எழுத்து வேறுபாடுகள் தேவை. 2010-ல் கர்டிஸ் ரோஜர்ஸும் ஜான் ஓல்சனும் தொடங்கிய ஜெட்மேட்ச் தளத்தில் மக்கள் தாங்களே ஏற்றிய அத்தகைய விவரங்கள் 2018-க்குள் பத்து லட்சம் அளவுக்குச் சேர்ந்திருந்தன. தூரத்து உறவினர் சிலர் அதில் பொருந்தினால், அவர்களுடைய மூதாதையர் வரை மேலேறி, பொது மூதாதையைக் கண்டு, பிறகு அவரது வழித்தோன்றல்கள் அத்தனை பேரையும் கீழ்நோக்கி வரைய வேண்டும். இரண்டு குடும்பங்கள் திருமணத்தால் சேரும் புள்ளியைக் கண்டால், தேடப்படுபவர் அந்தத் தம்பதியின் சந்ததி. மக்கள்தொகைக் கணக்கு, திருமணப் பதிவு, நாளிதழ் மரண அறிவிப்பு ஆகியவற்றைப் பொறுமையாகத் தோண்டும் வேலை இது. ஆய்வகம் செய்வதைவிட அதிகமாக ஆவணக்காரர் செய்கிறார்.

ஃபிட்ஸ்பாட்ரிக்கும், துப்பறியும் நாவல்களும் எழுதியவரான மார்கரெட் பிரெஸ்ஸும் 2017-ல் தொடங்கிய டி.என்.ஏ. டோ பிராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு இந்த வேலையை எடுத்துக்கொண்டது. திசுவில் இருந்த டி.என்.ஏ. வெகுவாகச் சிதைந்திருந்தும் 2018-ல் விடை வந்தது. ஒரு மகன் தந்த மாதிரி அதை உறுதிசெய்தது. ராபர்ட் ஐவன் நிக்கல்ஸ், 1926-ல் இண்டியானாவின் நியூ ஆல்பனியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆரோன் வார்டு என்ற போர்க்கப்பலில் பணியாற்றிக் காயம்பட்டு, அதற்கான பதக்கம் பெற்றவர். 1964-ல் மனைவியையும் மூன்று மகன்களையும் விட்டுப் போனார். 1965-க்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் எதுவும் வராததால் பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அவர் ஏன் மறைந்தார், எதற்குப் பயந்தார் என்பதற்கு டி.என்.ஏ.விடம் பதில் கிடையாது. ஆனால் இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு வேண்டியது ஒன்று துலங்குகிறது. அவர் பெயர், பிறந்த தேதி, ஊர், நட்பு எல்லாவற்றையும் மாற்றினார். அவர் ரேகையும் கிடைக்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுத்த தகவல் அவர் சந்தித்தேயிராத தூரத்து உறவினர்களிடம் இருந்தது. அதை அழிக்க அவரால் எதுவும் செய்திருக்க முடியாது.

இந்த முறை தவறான ஆளைக் காட்டாதா என்பது முதல் எதிர்ப்பு. காட்டியிருக்கிறது. இடாஹோ ஃபால்ஸில் 1996-ல் நடந்த ஒரு கொலையில், 2014-ல் ஒய் குரோமோசோம் ஒப்பீட்டில் 35 குறிகளில் 34 பொருந்தியதைக் கொண்டு காவல்துறை நியூ ஆர்லியன்ஸில் வாழ்ந்த ஒரு திரைப்படக்காரரைச் சந்தேகித்தது. நேரடிச் சோதனை அவரை விடுவித்தது. கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் கொலையாளி வழக்கிலும் 2017-ல் ஆரிகன் மாநில முதியோர் இல்லத்தில் இருந்த ஒருவர் மீது சந்தேகம் விழுந்து, பிறகு நீங்கியது. அடுத்த ஆண்டு வம்சாவளித் தளங்கள் வழியாக ஜோசப் டிஏஞ்சலோ பிடிபட்டான். இந்தத் தவறுகளைச் சிறிதென்று ஒதுக்கக் கூடாது. நிரபராதிக்கு ஒரு மாதச் சந்தேகம்கூடக் கொடுமை. ஆனாலும் தவறு திருத்தப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். உறவு ஒப்பீடு ஒரு துப்பு மட்டுமே. சாட்சியம் என்பது சந்தேகிக்கப்படுபவரின் சொந்த மாதிரியைக் குற்ற இடத்து மாதிரியோடு ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. இடாஹோ வழக்கில் ஒருவர் பொய் வாக்குமூலத்தின் பேரில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறையில் கழித்தார். 2019-ல் முழு வம்சாவளி ஆய்வு உண்மைக் குற்றவாளியைக் காட்டிய பிறகே அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். வாக்குமூலத்தை விடவும் டி.என்.ஏ. அவருக்கு நியாயம் செய்தது.

எல்லா மக்களுக்கும் இது ஒன்றுபோல் வேலை செய்யுமா என்பது இதைவிட ஆழமான எதிர்ப்பு. செய்யாது. யானிவ் எர்லிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2018-ல் 12.8 லட்சம் பேரின் விவரங்களை ஆராய்ந்து, ஐரோப்பிய வம்சத்து அமெரிக்கர்களைத் தேடினால் 60 விழுக்காட்டு நேரம் எள்ளுத்தாத்தா பொதுவான உறவோ அதைவிட நெருங்கிய உறவோ கிடைக்கும் என்று கண்டார்கள். தரவில் இருப்போர் பெரும்பாலும் அந்த வம்சத்தவர் என்பதால்தான் அது. தமிழ்நாட்டில் முதல் படியே நழுவும். நம்மிடம் தலைமுறை தாண்டும் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதல் எழுத்து ஒரு தலைமுறைக்கு மட்டும் நிற்கும். ஒய் குரோமோசோமிலிருந்து பெயரை ஊகிக்க வழியே இல்லை. அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களும் தலைமுறைகளாக உட்சாதித் திருமணமும் துண்டுகளின் நீளக் கணக்கையே குழப்பும். ஒரே மூதாதையிடமிருந்து பல வழிகளில் துண்டுகள் வந்துசேருவதால், தூரத்து உறவினர் நெருங்கியவர்போல் தெரிவார். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்களிடம் சிறு எண்ணிக்கை மூதாதையரிலிருந்து பெருகிய தடம் ஃபின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட வலுவாக உள்ளது என்று காட்டியது. அமெரிக்க அட்டவணையை அப்படியே கொண்டுவந்து இங்கே தீர்ப்புச் சொன்னால் அப்பாவிகள் மாட்டுவார்கள். முறையின் தத்துவம் பொதுவானது, அதன் எண்கள் அப்படியல்ல.

தன் போக்கில் மறைந்து வாழ்ந்தவரை இறந்தபின் ஏன் தோண்ட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பிடிக்காத வாழ்விலிருந்து விலகிப்போக ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை ஏற்கிறேன். நிக்கல்ஸ் அத்துடன் நிற்கவில்லை. இறந்த சிறுவனின் பெயரை எடுத்தார். தேடிய பெற்றோரைப் பதிலின்றியும், தந்தை என்ன ஆனார் என்று தெரியாத மகன்களை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விடையின்றியும் விட்டார். பெயர் தெரியாத நிலையில் அவரைத் தேசத்தின் பெரும் கொலையாளிகளோடெல்லாம் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். பெயர் தெரிந்தது அவருக்கும் ஒரு வகையில் நியாயம்தான்.

கடைசி எதிர்ப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதுவே மிக வலுவானது. தளத்தில் தன் விவரத்தை ஏற்றும் ஒருவர், தான் அறியாத நூற்றுக்கணக்கான உறவினர் சார்பிலும் முடிவெடுக்கிறார். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஜெட்மேட்ச் தன் விதியை மீறி ஒரு தாக்குதல் வழக்கில் காவல்துறையை அனுமதித்ததும் எழுந்த கண்டனத்தால், 2019 மே மாதம் முதல் சம்மதித்தவர்களின் விவரத்தில் மட்டுமே தேட விட்டது. அதே ஆண்டு அமெரிக்க நீதித்துறை, கொடுங்குற்றங்களுக்கும் பெயர் தெரியாத சடலங்களுக்கும் மட்டும், மற்ற வழிகள் தீர்ந்த பிறகு என்று இடைக்கால நெறி வகுத்தது. 2021-ல் மேரிலாந்து மாநிலம் நீதிமன்ற மேற்பார்வையுடன் சட்டமே இயற்றியது. ஏற்றியவரின் சம்மதம் உறவினரின் சம்மதம் ஆகாது என்ற குறை இவற்றாலும் தீரவில்லை. ஆனால் எந்தக் குற்றத்துக்கு, யார் உத்தரவில், எவ்வளவு காலம் என்ற மூன்று வேலிகளாவது இருக்கின்றன. இந்தியாவில் டி.என்.ஏ. தொழில்நுட்ப மசோதா 2019-ல் வந்து 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. 2022-ன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் உயிரியல் மாதிரிகளை எடுக்கவும், பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் அனுமதிக்கிறது; மாதிரி கொடுப்பவரைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. அந்த மாதிரியின் வழியாக அவருடைய தம்பியையோ சித்தப்பா மகனையோ தேடலாமா, தேடினால் யாருடைய அனுமதி வேண்டும் என்பதற்கு அதில் விதி இல்லை. இங்கே அத்தகைய தேடல் தொடங்கும் முன்பே அந்த விதி எழுதப்பட வேண்டும். உட்சாதித் திருமணத்தால் ஒரு மாதிரி இங்கே தொடக்கூடிய ஆட்களின் வட்டம் ஒஹாயோவில் தொடுவதைவிடப் பெரியது என்பதை அதை எழுதுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.